இடது காது

துணியை யார் போட்டார்களோ, மேலே சரியாகச் செருகவில்லை, மின்விசிறி இந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் படத்தை மூடியிருக்கிற மஞ்சள் துணியின் ஒரு முனை எழும்பி எழும்பி அடங்குகிறது. எழும்பும்போது சட்டத்தின் மரம் தெரிகிறது, கண்ணாடியில் ட்யூப்லைட் வெளிச்சம் தெரிகிறது, அதற்குமேல் ஒன்றும் தெரியவில்லை. இன்னும் நாலு விரல் எழும்பினால் காது தெரிந்துவிடும். படத்தில் இருப்பவர் என்னைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார் என்றால் அவருடைய இடது எனக்கு வலது. எழும்புகிற முனையும் வலதுதான். அங்கேதான் இருக்க வேண்டும், கடித்துவிட்டு வைத்த அப்பளம் போல, மேல்பாதி இல்லாத அந்தக் காது. இருக்குமா? சம்பங்கி படத்தை வாங்கிப்போக வீட்டுக்கு வந்தபோதே சொன்னேன், காதை ஒண்ணும் பண்ணிடாதப்பா என்று. "அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்மா, நீங்க கவலையே படாதீங்க" என்றான். அந்த வார்த்தையில்தான் எனக்குக் கவலை வந்தது. சம்பங்கி அவரிடம் படித்தவன், ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கிறான். எங்கள் தெருவில் கறிகாய் வண்டி தள்ளிய மனிதர் செத்ததும் படம் போட்டுக் கொடுத்தவன் அவன்தான். சட்டை போட்டே பார்த்தறியாத அந்த மனிதர் இன்றைக்கு அவர் வீட்டுக் கூடத்தில் கோட்டும் டையும் போட்டுக்கொண்டு சிரிக்கிறார். அவர் பெண்சாதி தினமும் அந்தக் கோட்டுக்குத்தான் ஊதுபத்தி ஏற்றுகிறாள். எனக்கு அப்படி ஆகிவிடக் கூடாது. மேடையில் யாரோ பேசிக்கொண்டே இருக்கிறார்கள். "தேசத்துக்காக ரத்தம் சிந்திய மாவீரர், பின்னர் கல்விக்காக வேர்வை சிந்திய மாமனிதர், முனிரத்தினம் அய்யா அவர்கள்" என்கிறார்கள். ரத்தம் சரி. வேர்வைதான் அவருக்கு அவ்வளவாக வராது, கோடையில்கூட. பவானி என் முழங்கையை இடிக்கிறாள். "அம்மா, ஏன் இப்படி எட்டி எட்டிப் பாக்கற, எல்லாரும் உன்னியே பாக்கறாங்க." பார்க்கட்டும். என் மகளுக்கு அப்பாவின் காது பழகிப்போன ஒன்று. அவள் பிறந்தபோதே அது பாதிதான்.

நான் கழுத்தை நீட்டிய அன்றும் அது பாதிதான். மணவறையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரை ஓரக்கண்ணால் பார்த்தபோது முதலில் தெரிந்தது அந்தக் காதுதான், ஏனென்றால் பெண்ணை வலப்பக்கம் உட்கார வைக்க வேண்டியதை விட்டு, மாப்பிள்ளைக்கு அந்தப் பக்கம்தான் கேட்கும், அய்யர் அங்கே இருக்கட்டும் என்று என்னை இடப்பக்கம் மாற்றிவிட்டார்கள். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்தி வீட்டில் உட்கார வைத்த பெண்ணுக்கு மிலிட்டரியில் இருந்து வந்து வாத்தியார் வேலைக்குப் படித்து முடித்த மாப்பிள்ளை என்றால் பாதிக் காது பெரிய குறையா என்று எங்கள் வீட்டில் பேசிக்கொண்டார்கள். வடக்கே எல்லையில் பக்கத்தில் குண்டு விழுந்ததாம். சிதறின தகடு காதின் மேல்பாதியை எடுத்துக்கொண்டு போய்விட்டது, உள்ளே சவ்வு கிழிந்தது. அந்தக் காது செத்துவிட்டது என்று பட்டாளத்து டாக்டர் எழுதிக் கொடுத்ததாக அவரே சொல்லுவார். பக்கத்தில் இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று ஒரு தடவை கேட்டேன். எழுந்து போய்க் கொடியில் காய்ந்த சட்டையை எடுத்து மடித்தார். பிறகு நான் கேட்கவில்லை. மூக்குக் கண்ணாடி போட ஆரம்பித்தபோது இடது பக்கத்துக் காம்பு நிற்க இடம் இல்லை. அதில் கறுப்பு நூல் கட்டித் தலைக்குப் பின்னால் சுற்றி வலது காம்பில் முடிச்சுப் போடுவோம். போடுவோம் என்றால் நான் போடுவேன். தினம் காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வந்து நிற்பார், வாயைத் திறந்து கேட்கமாட்டார், நான் முடிச்சுப் போட்டதும் நீளமாக ஒரு மூச்சு விட்டு நிமிர்ந்துகொள்வார். கிளம்பியாயிற்று என்று அர்த்தம். அந்த நூலையும் சம்பங்கி எடுத்திருப்பானா? அழுக்கு என்று நினைத்து அழித்திருப்பானா?

வலது பக்கம் போய்ப் பேசு, வலது பக்கம் போய்ப் பேசு. பிள்ளைகளுக்கு நடை பழக்கும்போதே நான் பழக்கியது இதைத்தான். இடது பக்கம் நின்று சத்தமாகக் கூப்பிட்டால் முகத்தைச் சுளித்துக்கொண்டு தலையைத் திருப்பி நல்ல காதைக் கொடுப்பார். இதை எல்லாம் தெரிந்தவள் நான். தெரிந்து என்ன? ஆஸ்பத்திரியில் அந்தக் கட்டிலின் வலது பக்கம் முழுக்க மிஷின்கள். சுவர், மிஷின், ஒயர், மருந்துப் பாட்டில் தொங்குகிற கம்பி. ஆள் நிற்க இடம் இருந்தது இடது பக்கம் மட்டும்தான். நான் அந்தச் சிஸ்டரிடம் சொன்னேன், கட்டிலைத் திருப்பிப் போடுங்களேன், இந்தப் பக்கம் அவருக்குக் காது கேட்காது என்று. "நினைவே இல்லாதவருக்கு எந்தப் பக்கமா இருந்தா என்னம்மா" என்றாள். கெட்ட பெண் இல்லை. வேலை அவளுக்கு. ஆனால் என்னால் அதைத் தாண்டி வர முடியவில்லை. சாப்பிடும்போதும் அதுதான், பாத்திரம் கழுவும்போதும் அதுதான். அவர் எதையும் கேட்காமல் போய்விட்டார். நான் பக்கத்தில் இருக்கிறேன் என்று தெரியாமலே போய்விட்டார். குண்டு விழுந்த அன்று பனியில் தனியாகக் கிடந்தவர், கடைசியிலும் அப்படியே கிடந்திருக்கிறார், சுற்றி இரைச்சல், யாருடைய குரலும் இல்லை. நான் செத்த காதில் கத்தியிருக்கிறேன். "ஏங்க, நான்தான் பூங்காவனம், இங்கதான் இருக்கேன், பயப்படாதீங்க" என்று வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். சிஸ்டர் ஓடிவந்து, "சத்தம் போடாதீங்கம்மா, பக்கத்துல ஆளு இருக்காங்க" என்று அதட்டினாள். மகன் அறிவழகன் வெளியூரில் இருந்து வந்துகொண்டிருந்தான். வந்ததும் அவனிடம் இதைச் சொன்னபோது, "அம்மா, அவருக்குத் தலையில ரத்தக் குழாய் வெடிச்சிருக்கு, காதைப் பத்தி இப்ப என்ன" என்றான். யாருக்கும் காதைப் பற்றி ஒன்றும் இல்லை. அதனால்தான் துணிக்குள்ளே அது இல்லாமல் போய்விடும் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. இந்தப் படத்தைப் பள்ளிக்கூடத்தில் மாட்டப்போகிறார்கள். ஒரு தடவை மாட்டிவிட்டால் அதுதான் அவர். அவரைப் பார்க்காத பிள்ளைகள் அந்தப் படத்தைப் பார்த்து இவர்தான் என்று நினைத்துக்கொள்ளும்.

முனை எழும்புகிறது. அடங்கிவிட்டது. ஒரு பையன் காப்பி கொண்டுவந்து நீட்டுகிறான், வேண்டாம். இப்போது மைக் முன்னால் காக்கிச் சட்டை போட்ட ஆள் ஒருத்தன் வந்து நிற்கிறான். வழுக்கை விழுந்திருக்கிறது. தேசிங்கு. பஸ் கண்டக்டர். தீபாவளிக்குத் தீபாவளி அவருக்கு வேட்டி வாங்கிக்கொண்டு வருவான், அவர் அவனுக்குத் திருப்பி ஒரு வேட்டி கொடுப்பார், ரெண்டும் ஒரே கடையாக இருக்கும். "எனக்குப் பேச வராதுங்க, விசில் ஊதத்தான் வரும்" என்கிறான். எல்லோரும் சிரிக்கிறார்கள். "நான் ஒன்பதாவது படிக்கும்போது சாருக்கு இடது பக்கம் இருக்கற பெஞ்சுதான் எங்க பெஞ்சு. ஏன்னா அது கேக்காத காது. அந்தப் பக்கம் உக்காந்துகிட்டு நாங்க பேசாத பேச்சே இல்ல. அவரு போர்டுல கங்கை நதி வரைஞ்சிக்கிட்டு இருப்பாரு, நாங்க இங்க சினிமாக் கதை பேசிக்கிட்டு இருப்போம்." சிரிப்பு. நான் சிரிக்கவில்லை. இவன் காதைப் பற்றிப் பேசுகிறான். இவனாவது பேசுகிறான். "ஒரு நாள் பக்கத்துல இருந்தவங்கிட்ட குசுகுசுன்னு சொன்னேன். டேய், நாளையிலேர்ந்து நான் வரமாட்டேன், எங்கப்பா என்னை பெங்களூர்ல பேக்கரிக்கு அனுப்பப் போறாரு, யாருகிட்டயும் சொல்லாதன்னு. மறுநாள் காலையில பெட்டியோட பஸ் ஸ்டாண்டுல நிக்கறேன், சார் வந்து நிக்கறாரு. எங்கப்பாவைத் தனியா இட்டுகினு போயி இன்னா பேசினாரோ, பெட்டியைத் தூக்கிகினு எங்கப்பா வூட்டுக்குத் திரும்பிட்டாரு. அந்தப் பையன்தான் காட்டிக் கொடுத்துட்டான்னு அவனை நான் ரொம்ப நாள் அடிச்சேங்க. பாவம்." மறுபடியும் சிரிப்பு. "கண்டக்டர் வேலைக்கு வந்தப்புறம் ஒரு நாள் சாரு நம்ம பஸ்ல ஏறினாரு. அப்பதான் கேட்டேன், அன்னிக்கு எப்படி சார் உங்களுக்குத் தெரிஞ்சதுன்னு. சொன்னாரு: டேய் தேசிங்கு, சத்தமா பேசினா இந்தக் காதுல லாரி போற மாதிரி இரைச்சல்தான்டா கேக்கும். ரகசியமா சொன்னா ஒரு எழுத்துகூட பிசகாம கேக்கும். வெளியில சொல்லிடாத. தெரிஞ்சா அப்புறம் ஒருத்தனும் வாயைத் திறக்க மாட்டான். அப்படின்னாரு." மண்டபம் முழுக்கச் சிரிக்கிறது, கைகூடத் தட்டுகிறார்கள், பவானி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைக்கிறாள். "அம்மா, கேட்டியா, அப்பா சரியான ஆளும்மா."

கேட்டேன். கேட்டேன். புடவைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொள்கிறேன், இத்தனை பேர் நடுவில் திடீரென்று குளிர்கிறது. அவர் வலது பக்கமாகத்தான் ஒருக்களித்துப் படுப்பார். நல்ல காதைத் தலையணையில் அழுத்திக்கொண்டால் உலகமே அடங்கிவிடும் எனக்கு என்பார். இடது காது மேலே என் பக்கமாக இருக்கும். கல்யாணமான புதிதில் இருந்தே அதில்தான் நான் பேசினேன். சத்தமாக இல்லை. பக்கத்து அறையில் மாமியார் படுத்திருப்பார்கள், எப்படிச் சத்தமாகப் பேசுவது? உதடு அசைகிற அளவுக்குத்தான். சுவரிடம் பேசுவதைவிட அது பரவாயில்லை, சூடாக இருக்கும். என்னென்ன சொன்னேன். ஐயோ, என்னென்ன சொன்னேன். உங்கள் அம்மா என் தட்டில் விழுகிற சோற்றையே பார்க்கிறார்கள், எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை என்று சொன்னேன். கொஞ்ச நாளில் பஸ் வசதி இல்லை என்று சொல்லிப் பள்ளிக்கூடத்துப் பக்கத்தில் வீடு பார்த்தார். வீட்டு வாசலில்தான் பஸ் நிற்கும், என்ன வசதி இல்லை என்று மாமியார் கேட்கக் கேட்கப் பெட்டியைக் கட்டினார். ரெண்டு போதும், இன்னொரு பிரசவம் என்றால் செத்துப்போவேன் போல் பயமாக இருக்கிறது என்று சொன்னேன். குடும்பக் கட்டுப்பாட்டு முகாமுக்குப் போய் அவரே ஆபரேஷன் செய்துகொண்டு வந்து நின்றார். ஹெட்மாஸ்டர் ஆள் சேர்க்கச் சொல்லி நெருக்கினார், யாரும் வரவில்லை, நானே போனேன் என்றார். நான் நம்பினேன். அப்படியானால் வெண்கலப் பானை? உங்கள் தம்பி பெண்சாதி என் அம்மா கொடுத்த வெண்கலப் பானையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள், கேட்டு வாங்கிக் கொடுங்கள் என்று எத்தனை தடவை அழுதிருக்கிறேன், அதுவும் கேட்டிருக்கிறது. கேட்டும் கேட்காதது மாதிரி குறட்டை விட்டிருக்கிறார். இருக்கட்டும். பத்தாவது பாடம்? கடவுளே, அது? என்னைப் பத்தாவது எழுத வைக்க வேண்டும் என்று கொஞ்ச நாள் பிடிவாதமாக உட்கார வைத்தார். ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் படிக்கிறது, என் வீட்டில் இருக்கிறவள் எட்டாவதோடு நிற்பதா என்றார். மத்தியானத்தில் பிள்ளைகள் தூங்கும்போது நோட்டை வைத்துக்கொண்டு உட்காருவோம். பாடம் எடுக்க ஆரம்பித்த உடனே அவர் முகம் மாறிவிடும், முதுகு நிமிர்ந்துவிடும், குரல் வேறு யாருடையதோ ஆகிவிடும். எனக்குப் பயமாக இருக்கும், தெரிந்ததும் மறந்துவிடும். ஒரு நாள் அந்தக் காதில் சொன்னேன், எனக்கு வாத்தியார் வேண்டாங்க, அவரு ஊருக்கெல்லாம் இருக்கட்டும், எனக்கு நீங்க போதும் என்று. மறுநாள் நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு காத்திருந்தேன். வந்தார். நோட்டை மூடிப் பரணில் வைத்தார். பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்தார். இவள் மண்டு, இவளுக்கு ஏறாது என்று கைவிட்டுவிட்டார் என்று நினைத்தேன். இந்த மண்டபத்துக்குள் நுழைகிறவரைக்கும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். எத்தனை சண்டையில் சொல்லிக் காட்டியிருக்கிறேன், மண்டுதானே நான், மண்டுதானே என்று, வலது பக்கம் நின்று, அவர் நன்றாகக் கேட்கட்டும் என்று. அப்போதாவது வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே. சொன்னால் நான் அந்தக் காதில் பேசுவதை நிறுத்திவிடுவேன் என்றா? தேசிங்குக்குச் சொன்னதைப் பெண்சாதிக்குச் சொல்லக் கூடாதா?

ஆஸ்பத்திரி. அங்கே நான் கத்தினேனே. சத்தமாகச் சொன்னால் லாரி போகிற இரைச்சல். அப்படியானால் அவருக்குக் கேட்டது லாரி இரைச்சல்தான். இங்கதான் இருக்கேன் என்றதும் இரைச்சல், பயப்படாதீங்க என்றதும் இரைச்சல். இவ்வளவு நாள் கேட்கவில்லை என்று அழுதேன், இப்போது அதைவிட மோசம், கேட்கிற காதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதில் லாரி ஓட்டியிருக்கிறேன். மேடையில் சம்பங்கி ஏறி நிற்கிறான், கயிற்றைப் பிடித்துப் பார்க்கிறான், இனி படத்திறப்பு என்கிறான். இரு, இரு, கொஞ்சம் இரு. சிஸ்டர் அதட்டினாள். அதட்டினதும் நான் என்ன செய்தேன்? ஸ்டூலில் உட்கார்ந்தேன். அழுதேனா? இல்லை. சன்னல் பக்கம் பார்த்தேன். இருட்டிக்கொண்டு வந்தது, மேகம். காலையில் அவர் கையால் கஞ்சி போட்டு மொட்டை மாடியில் காயப்போட்ட சட்டைகள் ஞாபகம் வந்தது. சட்டைக்குக் கஞ்சி போடும் வேலையை அவர் என்னிடம் விட்டதே இல்லை, பட்டாளத்தில் பழகின கை. காயப்போட்டுவிட்டு இறங்கி வந்தவர்தான் கடைசிப் படியில் சரிந்தார். ஸ்டூலில் இருந்தபடியே அவர் காதுப் பக்கம் குனிந்தேன். திட்டு வாங்கின பயத்தில் குரலே வரவில்லை. எப்போதும் போல, உதடு அசைகிற அளவுக்கு, வாய்க்கு வந்ததைச் சொன்னேன். மாடியில சட்டை காயுதுங்க. மழை வரும்போல இருக்கு. எடுத்து வச்சுட்டு ஓடியாந்துடறேன், அதுவரைக்கும் இருங்க. அவர் விரல் அசைந்தது. அதைச் சிஸ்டரிடம் சொன்னபோது அது சும்மா, நரம்பு இழுக்கிறது என்றாள். ஆட்டோ பிடித்துப் போய் ஏழு சட்டையையும் வாரிக் கட்டிலில் போட்டுவிட்டு நான் திரும்பும்போது தூறல் ஆரம்பித்துவிட்டது. அப்படியே படுத்திருந்தார். மறுபடியும் குனிந்தேன். எடுத்துட்டேங்க. ஒண்ணுகூட நனையல. அவ்வளவுதான் சொன்னேன். ஒரு மூச்சு விட்டார், நீளமாக, காலையில் நான் முடிச்சுப் போட்டதும் விடுவாரே, அதே மாதிரி. சிஸ்டர் என்னை வெளியே நிற்கச் சொன்னாள். வெளியே நின்றேன். உள்ளே கூப்பிட்டபோது முடிந்திருந்தது. இதையா சொல்வது கடைசியாக ஒரு மனிதரிடம், சட்டை நனையல என்று, என நான் என்னையே பிடுங்கித் தின்றேனே. இருந்தாரே. அதுவரைக்கும் இருங்க என்றேன், இருந்தாரே.

கயிறு இழுபடுகிறது. துணி ஒரு பக்கம் மாட்டிக்கொள்கிறது, சம்பங்கி எட்டி உதறுகிறான், விழுந்துவிட்டது. எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள். நான் உட்கார்ந்தபடியே வலது பக்கம் பார்க்கிறேன். காது. முழுசாக ஒரு காது. பளபள என்று, மடல் வளைந்து, தொட்டால் மெழுகு போல இருக்கும். கண்ணாடிக் காம்பு அதன்மேல் கோணாமல் உட்கார்ந்திருக்கிறது, நூல் இல்லை. அழகான மனிதர் ஒருத்தர். எனக்கு அவரைத் தெரியாது. பவானி என் கையில் பூத்தட்டைத் திணிக்கிறாள், போம்மா, முதல்ல நீதான் போடணும். கால் போகிறது. மேடைப் படி ஏறினது தெரியவில்லை. படத்துக்கு முன்னால் நிற்கிறேன், தட்டைக் கீழே வைத்துவிட்டேன், பூவைத் தொடவில்லை. பின்னால் சலசலப்பு. சம்பங்கி பக்கத்தில் வந்து குனிகிறான். "இன்னாம்மா, உடம்புக்கு எதாவது பண்ணுதா?" நான் விரலை நீட்டிக் காட்டுகிறேன். அவன் முகம் மலர்கிறது. "கரெக்டா கண்டுபிடிச்சிட்டீங்களே! கம்ப்யூட்டர்ல பண்ணதும்மா. சாரோட அந்தப் பக்கத்துக் காதையே எடுத்துத் திருப்பி ஒட்டச் சொன்னேன். அவரு காதுதாம்மா, வேற யாருதும் இல்ல. போற எடத்துலயாவது அவரு முழுசா இருக்கட்டும்னு பசங்க எல்லாரும் ஆசைப்பட்டாங்க." ஆசையாகத்தான் செய்திருக்கிறான். கண்ணெல்லாம் சிவந்திருக்கிறது அவனுக்கு. இந்தக் கூட்டத்தில் வாயைத் திறந்தால் நாக்கு குழறும், எட்டாவது படித்தவள் சபையில் பேச வந்துவிட்டாள் என்பார்கள், அறிவழகன் தலையைக் குனிந்துகொள்வான். "முழுசாத்தான் இருந்தாரு" என்கிறேன். "இந்தக் காதை எடுத்துட்டு அவரு காதைத் திருப்பி வை சம்பங்கி. நூலையும் வை. அதுவரைக்கும் இதை மூடி வை." அவனுக்குப் புரியவில்லை. தேசிங்கு மைக்கைத் தூக்கிக்கொண்டு வந்து என் வாய்க்கு நேராக நீட்டுகிறான். "அம்மா இன்னாவோ சொல்றாங்க. சத்தமா சொல்லுங்கம்மா, பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்கல." மண்டபமே என்னைப் பார்க்கிறது. அவனுடைய கையைப் பிடித்து மைக்கை அந்தப் பக்கம் தள்ளுகிறேன். எப்போதும் போல, உதடு அசைகிற அளவுக்கே சொல்கிறேன். "அந்தக் காதுலதான் அவரு எல்லாத்தையும் கேட்டாரு." முதல் வரிசையில் சலசலப்பு அடங்குகிறது. பிறகு அதற்குப் பின்னால். தேசிங்கு மைக்கைக் கீழே வைத்துவிட்டுப் போய், தரையில் கிடக்கிற மஞ்சள் துணியை எடுத்து உதறுகிறான்.